ஒன்பதாம் எண்ணுக்கு அரை அடி பின்னால்

அன்று மாலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். மாசிலாமணியின் மூத்த மகனும் முன்சீப் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவனுமான சவரிராயனாகிய நான். என் தம்பி இன்னாசிமுத்து. தம்பி மனைவி பிலோமினா. தம்பியை மார்க் செய்பவரான ஒச்சுக்காளை. வேறு யாரும் இல்லை.

ஒச்சுக்காளை என் தம்பிக்கு அரை அடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இடது கை தம்பியின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அப்படித்தான் நிற்கிறார்.

என் தம்பி தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரன். மணிக்கூண்டு வாரிய அணியில் ஒன்பதாம் எண். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நகரத்து மணிக்கூண்டுகள் நேரம் காட்டுகின்றனவா என்று ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். மூன்று மணிக்கு மைதானம். பதினொரு பருவங்களில் நூற்றுப் பதினான்கு கோல்கள். பெருமைக்காக எழுதவில்லை. பதிவேட்டில் உள்ளது.

அவன் ஆடிய ஒரு ஆட்டத்துக்கும் நான் போனதில்லை. மாசிலாமணியின் ஒரு மகன் அரைக்கால் சட்டையோடு பொதுமக்கள் முன்னால் ஓடுவதை இன்னொரு மகன் உட்கார்ந்து பார்ப்பது முறையல்ல என்று கருதினேன்.

ஒச்சுக்காளை மதுரைத் துறைமுக அணியின் ஐந்தாம் எண். மதுரையில் துறைமுகம் இல்லை. அணி இருந்தது. நல்ல அணி. ஒரு கோப்பையின் இறுதியாட்டத்தில் இரண்டு அணிகளும் மோதின. ஆட்டம் தொடங்கும்முன் அவர்களுடைய பயிற்சியாளர் சங்கரபாண்டி மாஸ்டர் ஒச்சுக்காளையைக் கூப்பிட்டு, "அந்த ஒம்போதாம் நம்பரு எங்க போனாலும் நீயும் போ. நான் சொல்ற வரைக்கும் விடாத" என்றார்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. மாஸ்டர் ரயில் ஏறிப் போய்விட்டார். சொல்லவில்லை.

என் தம்பி பேருந்தில் வீட்டுக்கு வந்தான். ஒச்சுக்காளையும் வந்தார்.

"யாருப்பா நீ?" என்று கேட்டேன்.

"மார்க்கிங்ணே."

"எதுவரைக்கும்?"

"சொல்ற வரைக்கும்."

சரியான பதில். நீதிமன்றத்தில் இருப்பவன் உத்தரவின் மதிப்பை அறிவான். உள்ளே வரச் சொன்னேன்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத் தம்பிக்குத் திருமணம். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்பவர் உண்டா என்று பங்குச் சாமியார் கேட்டார். கோவிலில் எல்லோரும் ஒச்சுக்காளையைப் பார்த்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல சாமி. நான் டியூட்டில இருக்கேன்" என்றார். படுக்கை அறையைப் பற்றி எழுதுவது மரியாதையல்ல. அவர் கதவுக்கு வெளியே நின்றார் என்று மட்டும் எழுதுகிறேன். உள்ளே வந்தால் ஆஃப்சைடு ஆகும் என்று அவரே சொன்னார்.

முப்பத்து நான்காம் வயதில் தம்பியின் வலது முழங்கால் போனது. அறுவை செய்தார்கள். பக்கத்து மேசையில் ஒச்சுக்காளையும் படுத்திருந்தார். அவருடைய முழங்காலைத் திறந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி மூடினார்கள். அதோடு தம்பியின் ஆட்டம் முடிந்தது. பிறகு இருபத்து நான்கு ஆண்டுகள் வாரியத்தில் முழுநேரமும் ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஒச்சுக்காளைக்கு ஒரு முக்காலி கொடுத்தார்கள். சென்ற ஆண்டு, நீண்ட சேவைக்கான பதக்கத்தைத் தவறுதலாக அவருக்கே குத்திவிட்டார்கள்.

தம்பி வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றதற்கு மறுநாள்தான் நான் சொன்ன மாலை. கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார். கையில் மஞ்சள் பை.

"நான் பேச்சியம்மா. இவரு சம்சாரம்" என்று ஒச்சுக்காளையைக் காட்டினார்.

ஒச்சுக்காளை தலையைத் திருப்பவில்லை. அவர் பார்வை தம்பியின் கால்களில் இருந்தது.

"கல்யாணமாகி எட்டாம் நாளு மேச்சுக்குப் போனாருங்கய்யா. பொழுது சாய வந்துர்றேன்னாரு. வரல. சரி, எக்ஸ்ட்ரா டைம் போலன்னு இருந்துட்டேன்."

"இருபத்தெட்டு வருஷமா?" என்றேன்.

"ஃபைனல்னா இழுக்கத்தானய்யா செய்யும்."

பிலோமினா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்ணா, இத்தன வருஷம் என் கையால சாப்ட்டீங்களே, கல்யாணம் ஆச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஆட்டத்துல வீட்டப் பத்திப் பேசக் கூடாதும்மா. கவனம் செதறிரும்" என்றார் ஒச்சுக்காளை.

"ஒருவாட்டி இவர மதுர டவுன்ஹால் ரோட்டுல பாத்தேன்" என்றார் பேச்சியம்மாள். "அந்த அண்ணன் ஏதோ ஆபீஸ் விசயமா வந்திருப்பாரு போல. பின்னாலயே போறாரு. ஏங்கன்னு கூப்டேன். லைனுக்கு வெளிய நில்லுன்னாரு. நின்னேன்."

பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து மேசை மேல் வைத்தார். மகளுக்கு ஆவணி பதினாறில் திருமணம்.

"தகப்பன் எங்கன்னு கேட்டா மைதானத்துலன்னு சொல்றேன். மாப்பிள்ள வீட்டுல சிரிக்கிறாக."

"என் தம்பியைக் கல்யாணத்துக்கு அனுப்பறேன். அவரும் கூட வந்துடுவார்" என்றேன்.

"வருவாருங்கய்யா. ஆனா இவரு மேடையேறணும்னா அந்த அண்ணனும் ஏறணும். தார வாக்கையில ரெண்டு தகப்பன் நின்னா நல்லாவா இருக்கும்?"

நன்றாக இருக்காது. நான் எழுந்து நின்றேன். ஒரு வீட்டின் ஆண்மகனை எங்கள் வீடு இருபத்தெட்டு ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறது. அவருக்குக் குடும்பம் உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை. மாசிலாமணி குடும்பத்தின் மேல் இப்படி ஒரு குறை இருந்ததில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் ஆவணி பொறக்கறதுக்குள்ள உங்க வீட்ல இருப்பார். இது என் வாக்கு" என்றேன்.

என் தம்பி பின்னால் கை நீட்டி, ஒச்சுக்காளையின் விரல்கள் அங்கேயே இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தான்.

உத்தரவை முடித்துவைக்க வேண்டியவர் சங்கரபாண்டி மாஸ்டர். ஓய்வு பெற்ற பயிற்சியாளர்கள் அலுவலகம் எங்களுக்கு அடுத்த தெருவில், மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஜன்னல். உள்ளே காரிடார் மதுரை வரை போகிறது. காலை ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கினேன். விழுப்புரம் பக்கம் வெயில் அடித்தது. திருச்சியில் காரிடாருக்குக் குறுக்கே ஆறு இருந்தது. தண்ணீர் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு பியூன் தேநீர் கொடுத்தார். அது நல்ல தேநீர்.

கவுன்ட்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல், "யாரு?" என்றார்.

"மார்க் செய்யப்படுகிறவரின் அண்ணன்."

"மார்க் செய்யப்படுறவரு இருக்காரா?"

"இருக்கிறார்."

"இருக்காருன்னு யாரு சொல்றது?"

"நான் சொல்கிறேன்."

"நீங்க அண்ணன் சார். பாசத்துல எது வேணா சொல்வீங்க." அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "ஒருத்தர் இருக்காருன்னு எதிரணிதான் சொல்லணும். சொந்தக்காரன் சொன்னா செல்லாது."

நான் ஒச்சுக்காளையிடம் முன்பே கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். ஒன்பதாம் எண் இருக்கிறார், ஆபத்தானவர் என்று எழுதியிருந்தார். கவுன்ட்டர்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது போதும். மாஸ்டர் மாடிப்படியா இருக்காரு. ஏறிப் போங்க."

சங்கரபாண்டி மாஸ்டர் அந்த அலுவலகத்தின் மாடிப்படியாக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு கிடைத்த பணி. மொத்தம் பத்தொன்பது படிகள். நடுவில் சில தேய்ந்திருந்தன. பெரியவர் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

"எவன்டா அவன் குதிகால்ல ஏறுறவன்? முன்னங்காலு, முன்னங்காலு!" என்று ஏழாம் படியிலிருந்து குரல் வந்தது.

நின்றேன்.

"நெட்டுக்குத்தலா நிக்கிறீரு. கோல்கீப்பரா?"

"சிரஸ்தார்."

"எந்த டீமு?"

"நீதிமன்றம்."

"அவங்க ஆட்டத்த முடிக்கவே மாட்டாங்களே. சரி, என்ன வேணும்?"

விவரத்தைச் சொன்னேன். மேலேயிருந்து ஒருவர் கோப்புகளோடு இறங்கி வந்தார். ஒதுங்கி வழிவிட்டேன்.

"ஒச்சுவா?" என்றார் மாஸ்டர். "இன்னுமா விடல?"

"நீங்கள் சொல்லவில்லை."

"அன்னைக்கு ரயிலுக்கு நேரமாயிருச்சு." படிகள் லேசாக முனகின. "அதுக்கப்புறம் ஒம்போதாம் நம்பரு கோல் போட்டானா?"

"மூன்று பருவங்கள் ஆடினான். ஒன்றும் போடவில்லை."

"அப்ப நல்லாத்தான் மார்க் பண்ணியிருக்கான். பய மூச்சுவிடாம நிப்பான்."

"அவருக்கு மகள் கல்யாணம்."

"மகளா? எட்டு நாளுலயா? அவன் எப்பவுமே முதல் அஞ்சு நிமிசத்துல நல்லா ஆடுவான்."



ஒன்பதாம் படிக்கும் பத்தாம் படிக்கும் இடையிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. அதில் 'போதும்' என்று எழுதியிருந்தது. கீழே கையொப்பம். முத்திரை சரியாக இருந்தது.

"சிரஸ்தாரே, விட்டதும் ஒம்போதாம் நம்பருக்குக் குளிரும். பாத்துக்கங்க."

"வீட்டில் போர்வை இருக்கிறது" என்றேன்.

திரும்பும்போது காரிடார் பத்து அடிதான் இருந்தது.

பேச்சியம்மாள் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். எல்லோரும் கூடத்தில் நிற்க, தாளை ஒச்சுக்காளையிடம் கொடுத்தேன். ஒரு சொல்தான். அவர் வெகுநேரம் படித்தார். பிறகு சட்டை நுனியை விட்டார். விரல்கள் மடங்கியபடியே இருந்தன. பேச்சியம்மாள் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியாரும் சட்டை மாற்றிக்கொள்வது கால்பந்தாட்டக்காரர்கள் வழக்கம். தம்பி பெட்டியிலிருந்து ஒன்பதாம் எண் சட்டையை எடுத்து வந்தான். ஒச்சுக்காளை தான் அணிந்திருந்த சட்டைக்குள்ளிருந்து ஐந்தாம் எண் சட்டையைக் கழற்றினார். இத்தனை ஆண்டுகளும் உள்ளே அணிந்திருந்திருக்கிறார். பிலோமினா துவைத்தது வெளிச்சட்டையை மட்டும்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நல்லா ஆடுன, ஒம்போது" என்றார் ஒச்சுக்காளை.

"ஆட வுட்டாதான?" என்றான் தம்பி.

இருவரும் சிரித்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒச்சுக்காளையால் வாசல்வரை நடக்க முடியவில்லை. முன்னால் ஆள் இல்லாமல் அவருக்கு வழி தெரியவில்லை. பேச்சியம்மாள் முன்னால் போய் நின்றார். அவர் அரை அடி பின்னால் தொடர்ந்தார். அப்படியே தெருமுனை திரும்பினார்கள்.

என் வாக்கு நிறைவேறியது. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை தம்பி ஐந்தாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போனான். வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். தடுக்க ஆளில்லாத ஆட்டக்காரன் அப்படித்தான் கையைத் தூக்கிப் பந்து கேட்பான் என்று பிறகு அறிந்தேன்.

யாரும் பந்து தரவில்லை.

மாலையில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிலோமினா சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய் ஊட்டினாள். கையை இறக்க முடியவில்லை என்றான். மூன்றாம் நாள் யாரோ அந்தக் கையில் ஒரு குடையை மாட்டியிருந்தார்கள். நான்காம் நாள் தபால்காரர் அவன் மேல் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். ஆறாம் நாள், அவன் மணிக்கட்டிலிருந்து எதிர்வீட்டு ஜன்னலுக்குத் துணி காயப்போடும் கொடி கட்டப்பட்டிருந்தது. ஒரு பச்சைப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் யார் கையிலும் கொடி கட்டியதில்லை. நான் போய் அறுத்தேன்.

"கையை இறக்கு. நம்ம வீட்டுப் பேர் கெடுது" என்றேன்.

"யாருமே என்னத் தடுக்கலண்ணே" என்றான். உதடு மட்டும் அசைந்தது. "எங்க வேணா போலாம். எந்தப் பக்கம்னுதான் தெரியல."

"வீட்டுப் பக்கம் வா."

"அங்க கோல் இல்லியே."

அவன் தோளைத் தொட்டேன். இரும்பாக இருந்தது. குளிர்ந்திருந்தது. வீட்டுக்குப் போய்ப் போர்வை எடுத்து வந்து போர்த்தினேன். போர்வைக்குள்ளும் குளிர்ந்தது.

பதினோராம் நாள் காலையில் பிலோமினா ஓடி வந்தாள். "மாமா, அவரு மேல பெயின்ட் அடிக்கிறாங்க!"

நான் போனபோது வார்டு அலுவலக ஊழியர் ஒருவர் தம்பியின் தொடையில் மஞ்சள் வட்டம் போட்டு, அதற்குள் எண் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யறீங்க?"

"நம்பர் போடறேன் பெருசு. புதுக் கம்பம். நாளைக்கு லைட்டு மாட்ட வருவாங்க."

"அது கம்பமில்ல. என் தம்பி. மணிக்கூண்டு வாரியத்தின் ஒன்பதாம் எண். நூற்றுப் பதினான்கு கோல்."

"யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். மாசிலாமணியின் மூத்த மகன்."

"அண்ணன் சொன்னா எப்டி சார்? அந்தாண்ட டீம்ல யார்னா இருந்தா இட்டுக்குனு வா. அட்ச்சத அழிச்சிட்றேன்." தூரிகையை டப்பாவில் முக்கினார். "மார்க் பண்ண ஆள் இல்லன்னா பொதுச் சொத்து சார். ரூல் அது."

ஒச்சுக்காளையை அழைக்கலாம் என்று பிலோமினா சொன்னாள். மதுரைக்குத் தந்தி கொடுத்தால் அன்றே வந்துவிடுவார். அவர் அப்படிப்பட்டவர். ஆனால் திருமணத்துக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் நடுத்தெருவில் நின்று யோசித்தேன். அறுபத்தொன்பது ஆண்டுகளாக நான் என் தகப்பனாரின் பெயரைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பெயர் இங்கே செல்லவில்லை. என் தம்பி இருக்கிறான் என்று நான் சொல்ல வேண்டுமானால் நான் அவனுக்கு அண்ணனாக இருக்கக் கூடாது.

"பிலோமினா, அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துட்டு வாம்மா" என்றேன்.

தம்பியின் உடலிலிருந்து ஐந்தாம் எண் சட்டையைக் கழற்றினேன். கை மேலே இருந்ததால் எளிதாக வந்தது. வெள்ளைச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டேன். ஐந்தாம் எண்ணை என் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டேன். கழுத்து இறுக்கமாக இருந்தது. அரைக்கால் சட்டை இல்லை. வேட்டி என்னுடையது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

தம்பிக்கு அரை அடி பின்னால் போய் நின்றேன். அப்படி நிற்க முதுகை வளைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அது வழக்கமில்லை. வளைத்தேன். வெள்ளைச் சட்டையின் நுனியைப் பிடித்தேன்.

"நீங்க யாரு?" என்றார் வார்டு ஊழியர்.

"மதுரைத் துறைமுகம். ஐந்தாம் எண்."

"இவரு?"

"எங்கள் எதிரி. ஆபத்தானவர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து மஞ்சள் வட்டத்தைத் துடைத்தார்.

தம்பி திரும்பவில்லை. "யாரு பின்னாடி?" என்றான்.

"நான்தான்."

"அண்ணனா?" என்றான். "உங்களுக்கு ஓட வருமா?"

"வராது."

"நல்லதாப் போச்சு."

கை இறங்கியது. தோள் இடது பக்கம் சாய்ந்தது. நானும் இடது பக்கம் சாய்ந்தேன். அவன் வலது பக்கம் போய்விட்டான். நான் அன்றும் அங்கே நின்றிருந்த தபால்காரரின் சைக்கிள் மேல் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது. ஒரு முழங்கால் இல்லை. மாவு மில் வாசலில் குதிகாலில் சுழன்று, இல்லாத பந்தைக் கட்டிப்போட்டு, தலையை நிமிர்த்தி நின்றான். என் தம்பி ஆடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுந்துபோய் மறுபடியும் சட்டையைப் பிடித்தேன்.

ஆவணி பதினாறாம் தேதி மதுரைக்குப் போனோம். ஒச்சுக்காளை ஒன்பதாம் எண் சட்டையோடு மேடையில் தனியாக நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். பந்தியில் எங்களுக்குப் பரிமாற வந்தபோது அவர் என் கையைப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் கீழ புடிங்கண்ணே. மேல புடிச்சா ரெஃபரிக்குத் தெரிஞ்சிரும்" என்றார். பேச்சியம்மாள் எனக்கு மட்டும் இரண்டாவது பாயசம் வைத்தார். எங்க டீமு என்றார்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. இன்னாசிமுத்துவுக்குக் கால் முழுவதும் போய்விட்டது, அண்ணன்தான் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார் என்று சொல்கிறார்கள். அது தவறு. விட்டால் கோல் போட்டுவிடுவான். அதனால் பிடித்திருக்கிறேன்.